விறகு பிளக்கப் பழகுவோம்: பினாங்கில் புதிதாகக் கோடாரி எடுப்பவர்களுக்கு

முதலில் அடுப்பைப் பாருங்கள். எந்த அடுப்பில், என்ன சமைக்க, எந்த மாதத்தில் எரிக்கப் போகிறோம் என்பது தெரிந்துவிட்டால் மரத்தை எந்த நீளத்தில் அறுப்பது, எவ்வளவு பருமனாகப் பிளப்பது, எப்போது வேலையைத் தொடங்குவது எல்லாமே தெரிந்துவிடும். புதியவர்கள் பலர் நேராகக் கோடாரிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு நாள் முழுக்க வேர்த்து விறுவிறுத்துப் பிளந்து குவித்த விறகு, பொங்கலன்று புகைந்து புகைந்து கண்ணைக் கரிக்கிறது. மரத்தின் மேல் தப்பில்லை. அது காய நாம் காலம் கொடுக்கவில்லை.

பினாங்கில் காற்று எப்போதும் ஈரம். வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளிலும் மரம் மெதுவாகத்தான் உலரும். ஜனவரி, பிப்ரவரி இரண்டும் நம் ஊரில் மழை குறைந்த மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். பொங்கலும் தைப்பூசமும் வருவதோ வருடத் தொடக்கத்தில். நவம்பரில் மரத்தைப் பிளந்து ஜனவரியில் எரிக்க நினைத்தால் உள்ளே பாதி ஈரம் அப்படியே இருக்கும். ஜூன், ஜூலையிலேயே பிளந்து அடுக்கிவிடுங்கள். பெருமழைக்கு முன் நல்ல காய்ச்சல் கிடைக்கும், அப்புறம் கூரைக்குக் கீழே மீதி ஈரமும் போய்விடும். முழு உருளையாகக் கிடக்கும் மரம் ஒரு வருடமானாலும் நடுவில் காயாது. பட்டை ஈரத்தை வெளியே விடாது. மரத்தைப் பிளப்பதன் முதல் பயனே உள்முகத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுவதுதான்.

அளவுக்கு வருவோம். மூன்று செங்கல் வைத்துப் பொங்கல் பானை ஏற்றுகிறீர்கள் என்றால் சுவாலை வேண்டும். ஒன்றரை விரல், இரண்டு விரல் பருமனுள்ள மெல்லிய விறகுதான் சடசடவென்று பற்றிப் பாலைப் பொங்க வைக்கும். பிரியாணிக்குத் தம் போடவும் ஆட்டிறைச்சி வேகவும் தணல் வேண்டும்; அதற்கு மணிக்கட்டுப் பருமனோ அதற்குச் சற்று மேலோ பிளக்க வேண்டும். கோயில் அன்னதானத்துக்கு அண்டா ஏற்றுபவர்கள் இன்னும் பருமனாகவே கேட்பார்கள். நீளம், வீட்டு அடுப்புக்கு 30 முதல் 35 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் நீளமாக அறுத்தால் பிளப்பதும் கஷ்டம், அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு யார் காலையாவது இடறும்.

எந்த மரம்

நம் பக்கம் ரப்பர்தான் எனக்கு முதல் தேர்வு. செபராங் பிறையில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கமெல்லாம் பழைய தோட்டங்களில் மறுநடவுக்காக மரத்தைச் சாய்க்கும்போது கட்டைகள் கிடைக்கும். பால் வற்றிய மரத்தை 25, 30 வருடத்தில் வெட்டிவிடுவார்கள். இழை பெரும்பாலும் நேராக ஓடும், பச்சையாக இருக்கும்போதே சுலபமாகப் பிளக்கும், காய்ந்தால் நன்றாக எரியும். ஆனால் ரப்பர் கட்டை காத்திருக்காது. வெட்டிய சில நாட்களிலேயே அந்த வெளிறிய முகத்தில் நீலக்கறுப்பாகத் திட்டு விழும். அப்புறம் வண்டு துளைக்கும். கட்டைக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் அது உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பர் கட்டை லோரியில் வந்து இறங்கினால் அந்த வாரமே பிளந்துவிடுங்கள். பட்டையிலிருந்து பால் கசிந்து கையிலும் இரும்பிலும் ஒட்டும், அவ்வப்போது பழந்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ரம்புத்தானும் மங்குஸ்தானும் கனத்த மரங்கள், நின்று எரியும். பாலிக் புலாவ் பக்கம் பழத்தோட்டத்தில் கிளை கழிக்கும்போது கேட்டால் கிடைக்கலாம். டுரியான் லேசான மரம், சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். பற்றவைக்க ஏற்றது, தணலுக்கு ஆகாது. பக்காவ் கட்டை, அதாவது கண்டல் மரம், மிகவும் கனமானது, வெப்பமும் அதிகம். பேராக்கில் கோலா செப்பத்தாங் கரிச்சூளைகளில் எரிவது இதுதான். அங்கே மாத்தாங் கண்டல் காட்டை 30 வருடச் சுழற்சியில் வெட்டி, மீண்டும் வளரவிடுகிறார்கள். இதை விற்பவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். கடற்கரையில் நிற்கும் கண்டலை நீங்களாக வெட்டக் கூடாது.

சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் அங்சானாவும் புயல்காற்றில் விழும்போது பெரிய பெரிய துண்டுகளாகக் கிடக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் இவற்றின் இழை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், கோடாரி உள்ளே போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கை பழகும்வரை இவற்றைத் தொடாதீர்கள். எடுப்பதாக இருந்தாலும் மாநகர் மன்றத்தின் ஆட்களிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தென்னை மரம் பிளக்கவே பிளக்காது, வெறும் நார். அதை விட்டுவிட்டு அதன் சிரட்டையையும் மட்டையையும் எடுத்து வையுங்கள், பற்றவைக்க அவற்றை மிஞ்சியது எதுவுமில்லை.

அடுப்புப் பக்கமே வரக் கூடாதவை சில உண்டு. அரளி நச்சு, அதன் புகையில் சமைக்கவே கூடாது. ரெங்காஸ் மரத்தின் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும், புகையும் ஆகாது. காட்டுப் பக்கமிருந்து வந்த, வெட்டு முகத்தில் கறுப்பாகப் பிசின் உறைந்த கட்டை என்ன மரமென்று தெரியாவிட்டால் தூக்காதீர்கள். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய ரயில்வே கட்டை, இவற்றில் ரசாயனம் ஊறியிருக்கும். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலை வாசலில் கிடக்கும் பேலட்டுகளை எடுக்கிறவர்கள் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது வேண்டாம். ஹெச்.டி. பேலட்டாக இருந்தாலும் அதன் மேல் எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தால் விட்டுவிடுங்கள்.

கருவிகள்

மரம் சாய்க்கும் கோடாரி வேறு, விறகு பிளக்கும் கோடாரி வேறு. சாய்ப்பதற்குள்ளது மெல்லிய வாய் உடையது. இழையைக் குறுக்கே வெட்டும். அதை வைத்துப் பிளக்கப் போனால் ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும். பிளப்பதற்குத் தலை தடித்து, ஆப்பு வடிவில் இருக்க வேண்டும், அதுதான் மரத்தை இரண்டு பக்கமும் தள்ளிப் பிளக்கும். தலை 2 முதல் 2.5 கிலோ எடையில் வாங்குங்கள். 3.5 கிலோ தலையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், பத்து நிமிடத்தில் தோள் ஓய்ந்து குறி தவறத் தொடங்கும். காம்பு 80 முதல் 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். குட்டைக் காம்புதான் ஆபத்தானது. அடி தவறினால் நீளக் காம்புக் கோடாரி மண்ணில் போய்க் குத்தும். குட்டைக் காம்புக் கோடாரி வளைந்து வந்து உங்கள் முழங்காலுக்குக் கீழே நிற்கும்.

இதோடு ஒரு சம்மட்டி, இரண்டு இரும்பு ஆப்பு, சுள்ளி சீவ ஒரு பாராங் கத்தி. ஆப்பு ஒன்று மட்டும் வாங்காதீர்கள். முதல் ஆப்பு சிக்கிக்கொண்டால் அதை எடுக்க இரண்டாவது வேண்டும்.

சிலிப்பர் போட்டுக்கொண்டு கோடாரி எடுக்கக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நம்மவர்கள் வீட்டுக்குப் பின்னால் என்ன வேலை செய்தாலும் காலில் சிலிப்பர்தான். தொழிற்சாலைக்குப் போட்டுப் போகும் சேஃப்டி ஷூ எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறது, அதன் முனையில் இருக்கும் இரும்பு உங்கள் விரல்களைக் காக்கும். மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் கோடாரியைத் தடுக்காது. முழுக்கால் சட்டை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். கையுறையைப் பொறுத்தவரை, கட்டையைத் தூக்கி அடுக்கும்போது போடுங்கள். கோடாரி வீசும்போது வியர்வையில் வழுக்கும் துணிக் கையுறையைவிட வெறுங்கையே மேல், பக்கத்தில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்து அடியுங்கள்.

ஒவ்வொரு முறையும் தொடங்கும்முன் கோடாரியின் காம்பைப் பிடித்துத் தலையை ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அன்றைக்கு அதை எடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் காம்பு உப்பி இறுகும் என்பார்கள். இறுகும்தான், காய்ந்ததும் முன்பைவிடத் தளரும். காம்பின் மேல் முனையில் புது முளை, அதாவது சிறிய ஆப்பு, அடித்து இறுக்குவதுதான் சரி.

இடம்

தாமான் வீட்டின் சிமென்ட் தரையில் வேண்டாம். தரையும் வெடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையும் போகும். விறகை மேலே நிறுத்திப் பிளப்பதற்கான அடிக்கட்டையை மண் தரையில், சமமான இடத்தில் வையுங்கள். அது உங்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில், அகலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். தலைக்கு மேலே பாருங்கள், கொடிக்கயிறும் மாமரக் கிளையும்தான் அடிக்கடி கோடாரியை இழுக்கும். சுற்றிலும் நாலு மீட்டர் தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடி வருவார்கள், நாய் வரும். யார் உள்ளே வந்தாலும் கோடாரியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். அதற்காக முழுக்கத் தனியாகவும் செய்யாதீர்கள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

காலை வெயில் ஏறும்முன், 7.30க்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுவது நல்லது. களைத்த கைதான் குறி தவறும்.

பிளக்கும் முறை

கட்டையை நிறுத்தியதும் உடனே அடிக்க வேண்டாம். அதன் முகத்தைப் படியுங்கள். நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய வெடிப்புகள் தெரியும். மரம் எங்கே பிளக்க விரும்புகிறது என்பதை அந்த வெடிப்பு காட்டிவிடும். அந்தக் கோட்டிலேயே கோடாரி விழ வேண்டும். அப்புறம் பக்கவாட்டில் கணு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணு வழியாகப் பிளக்க முயன்றால் அன்றைய பலமெல்லாம் அங்கேயே போய்விடும், அதை ஒதுக்கி இரண்டு பக்கமும் பிளந்துவிட்டுக் கணுவை ஒரே துண்டாக விடுங்கள். கவட்டை உள்ள கட்டையைத் தலைகீழாக நிறுத்தினால் பெரும்பாலும் சுலபமாக விடும்.

கட்டையை அடிக்கட்டையின் நடுவில் வைக்காமல், உங்களுக்கு எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி வையுங்கள். குறி தவறிக் கட்டைக்கு முன்னால் விழுந்தாலும் கோடாரி அடிக்கட்டையில் போய் நிற்கும், உங்கள் பக்கம் வராது.

இப்போது தூரம் பார்ப்பது. கோடாரியின் வாயை, அடிக்கப் போகும் இடத்தில் மெதுவாக வைத்துக் கைகளை நீட்டுங்கள். முதுகு வளையாமல், கை முழுதாக நீண்டு நிற்கும் இடம்தான் உங்கள் இடம். இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு, ஒரே கோட்டில் வையுங்கள். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் பழக்கத்தில் ஒரு காலை முன்னால் வைப்பார்கள், அந்தக் கால்தான் அடிபடும்.

ஒரு கை காம்பின் அடியில் அசையாமல் இருக்கும். மற்ற கை கோடாரித் தலைக்குப் பக்கத்தில். நேராக மேலே தூக்குங்கள், தோளுக்குப் பின்னால் சுற்றி வர வேண்டியதில்லை. உச்சிக்கு வந்ததும் இறக்கத் தொடங்கும்போது மேல் கை காம்பில் வழுக்கிக் கீழ்க் கையோடு சேரட்டும். அதே நேரத்தில் முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்துங்கள். இந்த ஒன்றைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். கால் விறைத்து நின்றால் கோடாரி வட்டமாக உங்களை நோக்கி வரும். முழங்கால் மடங்கினால் காம்பு தரைக்குக் கிடையாக இறங்கி, வாய் நேர்க்குத்தாகக் கட்டையில் போய் உட்காரும். கண் வெடிப்பிலேயே இருக்க வேண்டும். கோடாரியைப் பார்க்காதீர்கள். மனதில் குறி கட்டையின் மேல்முகம் அல்ல, அதற்குக் கீழே இருக்கும் அடிக்கட்டை. அப்படி நினைத்து அடித்தால்தான் வேகம் பாதியில் குறையாது.

நடுவில் அடிப்பதைவிட, உங்களுக்கு அருகில் உள்ள விளிம்பை ஒட்டி அடியுங்கள். விளிம்பில் வெடிப்பு சுலபமாகத் திறக்கும். தூர விளிம்பைத் தாண்டி அடி விழுந்தால் காம்பின் கழுத்து கட்டையில் மோதும். காம்புகள் பெரும்பாலும் உடைவது அப்படித்தான்.

முதல் அடியில் பிளக்காவிட்டால் கட்டை கொடுக்கும் சத்தத்தைக் கேளுங்கள். மந்தமாக, தட்டையாகக் கேட்டால் வெடிப்பு இன்னும் தொடங்கவில்லை. சத்தம் மாறி உள்ளே கிழிவது மாதிரி மெல்லக் கேட்டால் அதே கோட்டில் இன்னொரு அடி போதும். ஒரே இடத்தில் திரும்ப அடிக்கக் கை பழகினாலே பாதி வேலை கைவந்துவிட்டது.

பெரிய உருளையை நடுவில் இரண்டாக்க முயலாதீர்கள். சுற்றி வந்து ஓரங்களைப் பலகை பலகையாகச் சீவி எடுங்கள். நடுவில் வைரம் பாய்ந்த பகுதி சிறிதாக மிஞ்சும்போது அது தானாக வழிக்கு வரும்.

கோடாரி மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், காம்பு முறியும். காம்பின் முனையை உள்ளங்கையால் கீழ்நோக்கித் தட்டி, மேலும் கீழுமாக ஆட்டினால் விடும். விடாவிட்டால் பக்கத்தில் ஆப்பு இறக்குங்கள். கோடாரியின் பின்பக்கத்தைச் சம்மட்டியால் அடிக்கவே கூடாது. இரும்பும் இரும்பும் மோதினால் சில்லு தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஆப்பை முதலில் மெல்லத் தட்டி நிற்க வைத்து, கையை எடுத்துவிட்டு அப்புறம் பலமாக அடியுங்கள். அடித்து அடித்து ஆப்பின் தலை விரிந்து ஓரம் மடங்கினால் அந்த ஓரத்தை அரைத்து எடுத்துவிடுங்கள், தெறிப்பது அதுதான்.

பழைய கார் டயர் ஒன்றை அடிக்கட்டையின் மேல் பொருத்தி, கட்டையை அதற்குள் நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் நாலா பக்கமும் பறக்காது. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பொறுக்க வேண்டியதுமில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் டயரில் நாலைந்து ஓட்டை போட்டு, வேலை முடிந்ததும் கூரைக்குக் கீழே வையுங்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும். டிங்கியைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வந்து புழுவைக் கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

சுள்ளிக்குக் கோடாரி வேண்டாம். மெல்லிய துண்டை நிறுத்தி, அதன் மேல் பாராங்கின் வாயை வைத்து, இன்னொரு கட்டையால் பாராங்கின் முதுகில் தட்டுங்கள். ஒரு கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் வெட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. விரல் போவது அதில்தான்.

வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள், அழுத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 999ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். காப்பித் தூள், மஞ்சள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.

அடுக்குவது

வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் கரையானை நாமே வீட்டுக்குள் அழைப்பதாகும். ஒரு பேலட்டைப் போட்டுத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, காற்று ஓடும் இடத்தில், இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே தகரம் போதும். கான்வாஸ் போட்டுச் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அடுக்கும்போதே இரண்டு மூன்று துண்டுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைச் சாக்பீசால் அதிலேயே எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் நம் காற்றில் அது காயாது, எரிக்கலாம். தராசு இல்லாதவர்கள் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொம்மென்று கேட்கும்.

காய்ந்த விறகை அடுப்பில் வைத்துச் சமைப்பது வேறு. தோட்டத்துக் குப்பையையும் இலையையும் குவித்துத் தீ வைப்பது வேறு. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மிஞ்சிய பட்டையையும் தூளையும் மரத்தடியில் பரப்பிவிடுங்கள், மண்ணுக்கு நல்லது.

அடுக்கிலிருந்து எடுக்கும்போது கையுறை போட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். முதலில் ஒரு நீளக் கம்பால் அடுக்கைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பூரான், தேள், சில சமயம் பாம்பும் அந்த நிழலைத் தேடி வந்து படுத்திருக்கும். இடுக்குக்குள் பார்க்காமல் கையை விடாதீர்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் பின்வாங்கி, 999ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையினரையோ பொது தற்காப்புப் படையினரையோ வரச் சொல்லுங்கள்.